சல்லடையை நான் சலித்த விவரம்

கருக்களாச்சேரி,
காரைக்கால்.

செய்திகளின் மெய் பொய் பார்த்துச் சொல்லும் 'சல்லடை' நிறுவனத்தின் ஆசிரியர் அவர்களுக்கு,

கருக்களாச்சேரி பூமிநாதன் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும், கடலுக்குப் போகும் மகனும், மருமகள் நீலாயதாட்சியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும். நாட்டில் பொய் பெருகிக் கிடப்பதால் தங்கள் தொழிலுக்குக் குறைவிருக்காது. தாங்கள் ஆணா பெண்ணா என்று தெரியாததால் ஐயா என்றும் அம்மா என்றும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். பொருந்தாததை விட்டுவிட்டுப் படிக்கவும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுத்து தெரிந்து பதினொரு மாதம். வலை வைக்கும் கொட்டகையில் ஞானசௌந்தரி டீச்சர் மத்தியானம் மூன்று மணிக்கு நடத்தும் வகுப்பில் கற்றுக்கொண்டேன். உப்புப் பாக்கெட்டில் உப்பு என்று போட்டிருப்பதை நானே படித்த அன்று, யாரோ எனக்குக் கடிதம் போட்டதுபோல் சந்தோஷப்பட்டு, அந்தக் காலிப் பாக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். எழுதுவதுதான் மெதுவாக வருகிறது. நாளுக்கு ஒரு பக்கம். ஆகையால் இந்தக் கடிதத்தில் இன்று என்று எங்கெங்கே வருகிறதோ அதெல்லாம் வேறு வேறு நாள். நாள் இடிக்கிறதே என்று என் கடிதத்தையே பொய் என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதக் கடைசியில் எல்லோர் போனிலும் ஒரு குரல் வந்தது. பேசிய பெண் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டாள். கப்பலிலிருந்து பீப்பாய் விழுந்து காரைக்கால் கடலில் மருந்து கலந்துவிட்டதாம், அதைத் தின்ற மத்தி மீனைச் சாப்பிட்டால் ஏழே நாளில் காது செவிடாகுமாம், பக்கத்து ஊரான நெரவியில் ஏற்கெனவே மூன்று பேருக்கு ஆகிவிட்டதாம், இதைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். பத்துப் பேருக்கு அனுப்பு என்றால் நம் ஜனங்கள் நூறு பேருக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலையில் என் மருமகள் கூடையோடு நெரவிக்குப் போனால், தெரு முழுக்கக் கதவு சாத்தியிருக்கிறது.

ஒன்பது வருடமாக அவள் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுபோகிறாள். இருபத்திரண்டு வீடு. யாருக்கு முள் ஆகாது, யாருக்குத் தலை வேண்டும், யார் கிருத்திகைக்கு வாங்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதல் வீடு சிவசுப்பிரமணியன் சார் வீடு. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நாலு பேப்பர் வாங்குபவர். அவர் வாங்கினால் தெரு வாங்கும். அவர் கதவைச் சாத்தினால் தெருவே சைவம். சாருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அது மத்தியால் வந்ததுதான் என்று அவர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அவர் வீட்டம்மா சொர்ணாம்பாள், "கல்யாணமான மறுவருஷத்துலேர்ந்து நான் சொல்றது எதுவும் இவருக்குக் கேக்கல. அதுக்கும் சேர்த்து மீன் மேலயே கேஸ் போடுவோம்" என்றார்களாம்.

நாலைந்து நாள் இப்படியே போனபின் நீலாயதாட்சி வீட்டுக்கு வந்து, வெறுமனே சுமந்துபோய்ச் சுமந்துவந்த கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, மாசி முடியற வரைக்கும் பாப்பேன். நெரவி தொறக்கலன்னா இந்தக் கூடையக் கவுத்துப் போட்டுட்டு எறா கம்பெனி பஸ்ல ஏறிடுவேன்." இறால் உரிக்கும் வேலை மட்டமான வேலை இல்லை, ஐயா. ஆனால் கூடை அவளுடையது. கம்பெனியில் அவளுக்கு ஓர் எண் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அவள் சொன்ன அன்று மாசி பிறந்து மூன்று நாள்.

அப்போதுதான் தாங்கள், அந்தக் குரல் செய்தி பொய் என்று போட்டீர்கள். அவள் தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக நெரவிக்குப் போனாள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எவனோ நாலு பேரு கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு பொய்யின்னா பொய்யாயிடுமா? அவனுங்க யாரு, எந்தப் பக்கம் சாயறவனுங்க, யாரு சோறு போடுறா? அத மொதல்ல சொல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் அழுதுகொண்டு வந்தாள். எனக்கென்னவோ சார் கேட்டது நியாயமாகவே பட்டது. நான் ஐம்பது வருடம் மீன் நிறுக்கக் கொடுத்தவன். தராசு வைத்திருப்பவனிடம் நான் கேட்டதும் இதே மூன்று கேள்விதான். மறுநாள் நானே நெரவிக்குப் போய், அவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று பரிசோதித்துச் சொல்வது என் பொறுப்பு, அதுவரை கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சார் சிரித்தார். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள மாசி என்ன, பங்குனியே முடிஞ்சிடும்யா" என்றார்.

மெதுவாகப் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, அம்மா. வேகமாகப் படிப்பவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் ஒரு வரி விடாமல் கடைசிவரை போனேன். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைப் படிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதில் தங்களுக்கு யார் யார் நன்கொடை தருகிறார்கள் என்று தாங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். இது நல்லது. ஆனால் அதில் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனி இருந்ததை நான் சாரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் துள்ளி எழுந்தார். மீன் பொரிக்க எண்ணெய் வேண்டும், மீன் விற்றால்தான் எண்ணெய் விற்கும், அதனால்தான் மீன் நல்லது என்கிறார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினார். சொர்ணாம்பாள் அம்மா உள்ளே இருந்தபடியே, இந்த வீட்டில் இருபது வருடமாக மத்தி குழம்புதானே தவிர பொரித்ததே இல்லை என்று நினைவுபடுத்தினார்கள். எண்ணெய் விவகாரம் அத்தோடு நின்றது.

அடுத்தது 'திருத்தங்கள்' என்ற பக்கம். இந்த வருடத்தில் ஆறு இடத்தில் தவறு செய்தோம் என்று தேதியோடு போட்டிருக்கிறீர்கள். அவனே தப்பு பண்ணுகிறவன் என்று ஒத்துக்கொண்டான் பார் என்றார் சார். நான் அவருக்கு எங்கள் ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். மீன் ஏலம் கூறுபவர் யாருடைய குரலையாவது தவறவிட்டால் கையைத் தூக்கி, தப்பு என்று சொல்லி, முதல் விலையிலிருந்து மறுபடி கூற வேண்டும். ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கையைத் தூக்காதவர் ஒருவர் இருந்தார். அவரிடம் யாரும் மீன் போட மாட்டார்கள்.

குறையும் கண்டேன். ஒரு கட்டுரையில் தலைப்பு பொய் என்கிறது; பதினான்காவது வரியில் எங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்கிறது. பதினான்காவது வரிக்கு வருவது என்னைப் போன்ற ஆட்கள் மட்டும்தான். தலையையும் வாலையும் ஒரே மீனிலிருந்து போடவும். இன்னொன்று, மத்தி விஷயத்தில் தாங்கள் தீர்ப்புச் சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளில் மீன் கருவாடாகிவிடும்.

இனி, பக்கம் சாய்கிறீர்களா என்று பார்த்த விவரம். பழைய தராசில் தட்டை மாற்றி வைத்து நிறுத்தால் குட்டு வெளிப்படும். இப்போது வந்திருக்கும் கரண்ட் தராசில் தட்டு ஒன்றுதான். அதனால் எங்கள் துறையில் ஒரே மீனை முதலில் தராசுக்காரனுக்குத் தெரிந்தவர் கையிலும், பிறகு தெரியாதவர் கையிலும் கொடுத்து நிறுக்கச் சொல்வோம். எடை மாறினால் தராசு சாய்கிறது என்று அர்த்தமில்லை, ஆள் சாய்கிறான். இதற்காகத் திருமலைராயன்பட்டினத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் என் சிநேகிதன் நெய்னா முகம்மதுவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் என் போனிலிருந்து என் பெயரிலும் அவன் போனிலிருந்து அவன் பெயரிலும் அனுப்புவது, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது. நாங்கள் அறிந்த உண்மையில் நான்கும் அறிந்த பொய்யில் நான்கும் எடுத்துக்கொண்டோம்.

முதல் கேள்வி, வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உடனே உயிர் போகுமா என்பது. முப்பது வருடமாக என் காலைச் சாப்பாடே அதுதான் என்பதால் விடை எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருவருக்கும் பதில் வந்தது; ஒரு சொல் மாறவில்லை. ஆனால் நெய்னாவுக்குப் பதினொரு நிமிடம் முன்னதாக வந்துவிட்டது. சாரிடம் நேர்மையாகச் சொன்னேன். பார்த்தாயா, பார்த்தாயா என்று அவர் கையைத் தட்டினார். அடுத்த கேள்விக்கு எனக்கு இருபது நிமிடம் முன்னதாக வந்தது. நான் கணக்குப் பார்த்துக் குழம்பியிருந்தபோது நெய்னா சொன்னான்: "அண்ணே, இது சாயறது இல்ல. அவனுங்க டீ குடிக்கப் போயிருப்பானுங்க. நம்ம ரெண்டு பேருக்காக மூத்திரம் போவாம ஒக்காந்திருப்பானா மனுஷன்?"

ஒன்றில் மட்டும் தாங்கள் தவறிவிட்டீர்கள். நிலா வெளிச்ச நாளில் நண்டுக்குச் சதை இருக்காது என்பது எங்கள் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் போதிய ஆய்வு இல்லை என்று பதில் வந்தது. நண்டை உடைத்துப் பார்த்திருக்கலாம்.

எட்டாவது கேள்விதான் வில்லங்கமாகிவிட்டது. முழுப் பொய் ஒன்றை நாங்களே செய்து அனுப்புவோம் என்பது என் யோசனை. நெரவி வாய்க்கால் கரையில் கடலாமை ஏறிவந்து நூற்றிருபது முட்டை இட்டிருக்கிறது, அந்த மண்ணைப் பார்ப்பவர்களுக்கு நினைத்தது நடக்கும் என்று நான் எழுதினேன். நான் முதன்முதலாகச் சொந்தமாக எழுதிய ஐந்து வரி அதுதான். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. நெய்னா எங்கிருந்தோ ஓர் ஆமைப் படத்தை எடுத்துச் சேர்த்தான். தங்களுக்கு அனுப்பினோம். அவன் அத்தோடு நிற்காமல், அண்ணன் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று காட்டுவதற்காகத் தன் சொந்தக்காரர்கள் இருக்கும் குழுவிலும் போட்டுவிட்டான். படத்தையும் எழுத்தையும் போட்டான். பெருமையைப் போட மறந்துவிட்டான்.

இரண்டு நாளில் ஆமை பட்டினத்திலிருந்து காரைக்கால் போய், அங்கிருந்து நெரவிக்குத் திரும்பி வந்துவிட்டது. முட்டை முந்நூறாகியிருந்தது. மூன்றாம் நாள் காலை நான் சாரைப் பார்க்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. வாய்க்கால் கரையில் நாற்பது ஐம்பது பேர். ஒருவர் சுண்டல் விற்கிறார். சார் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக முன்வரிசையில் நிற்கிறார். பக்கத்தில் சொர்ணாம்பாள் அம்மா கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். சார் என்னைப் பார்த்ததும், "வாய்யா பூமிநாதன், வா. அதோ பாரு ஈர மண்ணு. அதான் ஏறிவந்த தடம்" என்றார். அது மாடு போன தடம், ஐயா. நான் ஆயுளில் முந்நூறு ஆமைத் தடம் பார்த்தவன். ஒன்றும் சொல்லாமல் சுண்டல் வாங்கித் தின்றேன்.

இன்று தங்கள் பதில் வந்தது. பொய் என்று ஒரே போடாகப் போடவில்லை. அந்தப் படம் பல வருடத்துக்கு முன்பு வேறொரு கடற்கரையில் எடுத்தது என்றும், வனத்துறையில் கேட்டதில் அப்படி ஒரு தகவலே இல்லை என்றும், வாய்க்காலில் ஆமை முட்டை இடுவது நடக்கக்கூடியது அல்ல என்றும், செய்தியைக் கிளப்பியவர் யார் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த உலகத்தில் அது பொய் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவனான நான் சொல்கிறேன்: தாங்கள் எழுதியதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிளப்பியவரைத் தெரியவில்லை என்றீர்களே, அதுவும் சரி.

ஆனால் இதைச் சாரிடம் சொல்ல வேண்டுமானால் கிளப்பியவன் நான்தான் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால், மாமனார் பொய் கிளப்புகிறவன், மருமகள் மீன் எப்படி இருக்கும் என்று அந்தக் கதவு ஒரேயடியாகத் தாழ் விழுந்துவிடலாம். சொல்லாவிட்டால் நான் இத்தனை நாள் பார்த்த பரிசோதனைக்கு மதிப்பே இல்லை. மாசி முடிய ஐந்து நாள் இருந்தது. நீலாயதாட்சியைக் கேட்டேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "சொல்லிடுங்க மாமா. போனா தெருவு போகட்டும்" என்றாள்.

போய்ச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் படமும் நீதானா?"

"படம் நெய்னா சார். எழுத்து மட்டும் நான்."

"முட்டை முந்நூறுன்னு?"

"நான் நூத்திருவதுதான் போட்டேன் சார்."

உள்ளே சொர்ணாம்பாள் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. சார் எழுந்து உள்ளே போனார், வெளியே வந்தார். தங்கள் பதிலை முழுக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு ஈர மண்ணே தடமாத் தெரிஞ்சிதுய்யா. இங்க வராதவனுக்கு எப்படிய்யா தெரிஞ்சிது?" நான், அவர்கள் ஆமையைப் பார்க்க ஆசைப்படவில்லை சார், அதனால்தான் என்றேன். நான் செருப்பை மாட்டும்போது, "நாளைக்கு நீலாவ வரச் சொல்லு. மத்திதான் வேணும்" என்றார்.

நேற்று இருபத்திரண்டு வீட்டில் பதினெட்டு வாங்கின. இன்று இருபத்தொன்று. மீதி ஒரு வீட்டில் ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

ஆகையால் சல்லடை நிறுவனத்தாரைப் பற்றி கருக்களாச்சேரி பூமிநாதன் அறிந்து எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி என்னவென்றால், இவர்கள் யாருடைய சோற்றைத் தின்றாலும் அதை ஒளிக்கவில்லை, ஆள் பார்த்து நிறுக்கவில்லை, தெரிந்த அளவுக்குத்தான் பேசுகிறார்கள், தவறினால் கையைத் தூக்குகிறார்கள். நண்டு விஷயத்தில் மட்டும் கரைக்கு வந்து கேட்டுக்கொள்ளவும். இதைத் தாங்கள் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆமை விஷயத்தில் குற்றவாளி நான்தான் என்பதையும் சேர்த்துப் போடவும்.

தங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும், டீ குடிக்கப் போகிறவர்களுக்கும், என் அன்பைச் சொல்லவும். கடலம்மா தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் கரை சேர்ப்பாளாக. வலை நிறைய இருக்கட்டும்; பொய் குறைய இருக்கட்டும்.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே கையெழுத்தும் போடும்,
பூமிநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு, விலாசம் எழுத நீலாயதாட்சியிடம் கொடுத்தேன். அவள் ஒருமுறை படித்துவிட்டு, சல்லடையின் நன்கொடைப் பட்டியலில் எண்ணெய்க் கம்பெனி எதுவும் கிடையாதே மாமா என்றாள். என் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுத்து தெரியாத காலத்தில் என் போனில் ஆட்களைப் படமாகத்தான் வைத்திருந்தேன்; மகனுக்கு வஞ்சிரம், நெய்னாவுக்கு ஐஸ் கட்டி. அந்தப் பழக்கம் விடவில்லை. வகுப்பில் டீச்சர் எல்லோர் போனிலும் இரண்டு சரிபார்க்கும் நிறுவனங்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் சின்னம் பூதக்கண்ணாடி. கறுப்புப் பிடி போட்டது தாங்கள். நீலப் பிடி போட்டது துலாக்கோல் என்று வேறு யாரோ. இரண்டு பேருமே தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எழுத்து எனக்கு இன்னும் வரவில்லை. நான் படித்த பக்கம், அனுப்பிய எட்டுக் கேள்வி, வந்த பதில், ஆமை, எல்லாம் நீலப் பிடி. மத்தி பொய் என்று சொன்ன தாங்கள் யார், எப்பேர்ப்பட்டவர் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே மேலே தாங்கள் என்று வரும் இடத்திலெல்லாம் அவர்கள் என்று மாற்றிக்கொண்டு, உறுதிமொழியை அவர்களுக்கு அனுப்பிவிடவும். ஒன்பது நாள் தாமதம் என்ற குறையைத் தாங்களே வைத்துக்கொள்ளவும்.

இதையும் நெரவியில் சொல்லாமல் இருக்க முடியுமா? உறையை ஒட்டாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நானும் வருகிறேன் என்று நீலாயதாட்சி கூடையைத் தூக்கிக்கொண்டாள். சார் வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, அப்படியானால் நீ சோதித்த ஆளிடமே மத்தியைப் பற்றியும் கேள் என்றார். நியாயம்தான். அங்கேயே நின்று நீலப் பிடிக்கு அனுப்பினேன். சொர்ணாம்பாள் அம்மா வெளியே வந்து, "பதில் வர்ற வரைக்கும் மீன் காத்துக்கிட்டிருக்காது" என்று கூடையிலிருந்து மத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். பதில் வந்தபோது சார் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார். படி என்றார். நான் மெதுவாகத்தானே படிப்பேன். தலைப்பை விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பொய் என்ற சொல்லுக்கு நான் வந்து சேர்ந்தபோது அவர் கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்று நீலாயதாட்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.